பீட்ரிக்ஸ் பாட்டர்

பீட்ரிக்ஸ் பாட்டர் (ஜூலை 28, 1866 - டிசம்பர் 22, 1943) ஓர் ஆங்கிலேய எழுத்தாளரும் ஓவியரும் ஆவார். முயல், அணில், வாத்து, எலி முதலிய விலங்குகளைப் பாத்திரங்களாகக் கொண்டு, தாமே படம் வரைந்து எழுதிய சிறுவர் நூல்களால் அறியப்படுகிறார். பூஞ்சைகளை ஆராய்ந்தவர் என்பதும், பிற்காலத்தில் ஆடு வளர்ப்பில் தேர்ந்த விவசாயியாக வாழ்ந்தவர் என்பதும் அந்த அளவுக்குப் பரவலாகத் தெரியாதவை.

இளமை

இவர் இலண்டனின் கென்சிங்டன் பகுதியில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ரூபர்ட் பாட்டர் சட்டம் பயின்றவர். குடும்பச் செல்வம் லங்காசயர் பருத்தித் தொழிலிலிருந்து வந்தது. பீட்ரிக்ஸ் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை, வீட்டாசிரியைகளிடமே கற்றார். அவரும் தம்பி பெர்ட்ரமும் முயல், முள்ளெலி, வௌவால் போன்றவற்றை வீட்டில் வளர்த்து, அவற்றை ஓயாது வரைந்தனர்.

பூஞ்சை ஆய்வு

1890களில் இவர் காளான்களை நுணுக்கமாக வரைவதோடு நில்லாமல், அவற்றின் வித்துகளை முளைக்கச் செய்து நுண்ணோக்கியில் கண்காணித்தார். இதுபற்றி இவர் எழுதிய கட்டுரை 1897 ஏப்ரல் 1 அன்று இலண்டன் லின்னேயன் சங்கத்தில் முன்வைக்கப்பட்டது. பெண்கள் அச்சங்கத்தில் உறுப்பினராகவோ கூட்டங்களில் பங்கேற்கவோ இயலாத காலம் அது. எனவே கியூ தாவரவியற் பூங்காவின் சார்ச் மாசி இவர் சார்பில் அதை அளித்தார். கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டது; அதன் படி எதுவும் இன்று கிடைக்கவில்லை. 1997 இல், அதாவது சரியாக நூறாண்டுகளுக்குப் பின்னர், சங்கம் தன் நடத்தைக்கு வருத்தம் தெரிவித்தது. இவரது காளான் ஓவியங்கள் பல ஆம்பிள்சைடு நகரின் ஆர்மிட் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1967 இல் வெளியான காளான் கையேடு ஒன்றில் இவற்றில் 59 படங்கள் சேர்க்கப்பட்டன.

முயல் பீட்டர்

1893 செப்டம்பரில், தம் முன்னாள் ஆசிரியையின் நோயுற்ற மகன் நோயெலுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், நான்கு முயற்குட்டிகளின் கதையைப் படங்களுடன் மடலாக எழுதியனுப்பினார். பின்னாளில் அதை நூலாக விரித்தபோது பல பதிப்பகங்கள் மறுத்துவிட்டன. சிறுவரின் கைக்கு அடக்கமாகவும் மலிவாகவும் நூல் இருக்கவேண்டும் என்பதில் பாட்டர் விடாப்பிடியாக இருந்தார். 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். படங்களை வண்ணத்தில் தர இவர் இசைந்ததும், பிரடெரிக் வார்ன் நிறுவனம் 1902 அக்டோபரில் அதனை வெளியிட்டது. நூல் பெருவெற்றி பெற்றது. மறு ஆண்டே முயல் பொம்மைக்குக் காப்புரிமையும் பதிந்துகொண்டார். இந்த வரிசையில் மொத்தம் 23 கதைகள் வெளிவந்தன.

1905 சூலையில் பதிப்பாளர் குடும்பத்தைச் சேர்ந்த நார்மன் வார்ன் இவரை மணக்க விரும்பினார். வணிகர் குடும்பம் என்று பெற்றோர் எதிர்த்தனர். (தம் செல்வமும் பருத்தி வணிகத்தில் வந்ததே என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை போலும்.) பாட்டர் எதிர்ப்பை மீறி ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு மாதத்திலேயே நார்மன் நோயுற்று இறந்தார்.

ஏரி மாவட்டம்

அதே ஆண்டு, வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் நியர் சாரே என்ற சிற்றூரில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். அவ்வீடும் தோட்டமும் பல கதைகளின் படங்களில் இடம்பெற்றுள்ளன. நிலம் வாங்க உதவிய வழக்கறிஞர் வில்லியம் ஹீலிசை 1913 அக்டோபரில் தமது 47 ஆவது வயதில் மணந்தார். அதன்பின் எழுத்து குறைந்தது. பார்வை மங்கியதும் ஒரு காரணம். அப்பகுதிக்கே உரிய எர்ட்விக் இன ஆடுகளை வளர்ப்பதில் ஈடுபட்டார். 1943 இல் எர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பொறுப்புக்குத் தேர்வான முதற் பெண் இவரே. பதவியேற்கும் முன்னரே காலமானார்.

நூல்களின் வருவாயில் வாங்கிய 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும் நேசனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார். அப்பண்ணைகளில் எர்ட்விக் ஆடுகளே தொடர்ந்து வளர்க்கப்படவேண்டும் என்பது அவரது விருப்பம். ஹில் டாப் வீடு 1946 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

நாட்குறிப்பு

பதின்ம வயது முதல் ஏறத்தாழ முப்பது வயது வரை, தாமே அமைத்த மறைகுறி எழுத்தில் நாட்குறிப்பு எழுதிவந்தார். பல ஆண்டுகள் முயன்று 1958 இல் லெஸ்லி லிண்டர் என்பவர் அக்குறிகளின் பொருளைக் கண்டறிந்தார். நாட்குறிப்பு 1966 இல் நூலாக வெளியானது.