இயங்க மறுக்கும் நீரிறைக்கும் இயந்திரம்

வெங்காயப் பாத்திகள் நீருக்குக் காத்திருக்க, கிணற்றடியில் இறைக்கும் இயந்திரம் இயங்க மறுக்கின்றது. கயிற்றை மேலும் மேலும் இழுப்பதனாற் கைதான் ஓயும். வாயிலுள்ள பீடியை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். அது உலர்ந்திருப்பின் எரிபொருள் வந்து சேரவில்லை. தாங்கியின் குழாயை நோக்குக. நனைந்திருப்பின் மணந்து பார்த்தல் நன்று. பெற்றோல் மணந்தால் தீப்பொறியில் ஐயம். பிளக்கின் கரியைச் சுரண்டுதல் வேண்டும். மண்ணெண்ணெய் மணந்தாற் குற்றம் முதல்நாள் மாலையினது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. அதனாலேயே பெற்றோலில் தொடக்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்றனர். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்ற மறந்தவர் காபறேற்றரில் மண்ணெண்ணெயைத் தேக்கிவிடுகின்றார். அதனை வடித்து, பிளக்கை உலர்த்தி, பெற்றோலிட்டால் இயந்திரம் பெரும்பாலும் இசையும். 1990களிற் பெற்றோல் அருகிய யாழ்ப்பாணத்தில் சில துளிகளைக் கொண்டே இயந்திரங்கள் தொடக்கப்பட்டன.