ஒரே தொட்டியில் இரண்டு பூச்சிகள்

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில், வாசலோரம் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. தாளிப்புக்கு இலை பறிக்கப் போகும் அம்மா, இலையில் பறவை எச்சம் ஒட்டியிருப்பதாக எண்ணி முகம் சுளிப்பார். உற்றுப் பார்த்தால் அது மெல்ல நகரும். எச்சம் போலவே வேடமிட்டுப் பறவைகளை ஏமாற்றும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அது.

பூச்சி என்றால் ஆறு கால்கள், தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள். எட்டுக் கால் சிலந்தி இந்தக் கணக்கில் சேராது. பூச்சியின் உடலுக்கு வெளியே உறுதியான மேல்தோல் உண்டு. அது உடலோடு சேர்ந்து வளராது. ஆகவே, பாம்பு சட்டை உரிப்பதுபோல் புழுவும் தோலை உரித்து உரித்துத்தான் பெரிதாகிறது. கறிவேப்பிலைப் புழு முட்டையிலிருந்து வந்ததும் முதலில் தின்பது தன் முட்டை ஓட்டையே. நான்கு முறை தோலுரித்த பிறகு பச்சை நிறத்தில் கொழுகொழுவென்று இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற ஒன்றை நீட்டும்; அதன் வாடையை யாரும் விரும்பமாட்டார்கள். பிறகு அசையாத கூட்டுப்புழு. அதிலிருந்து இறக்கையோடு வண்ணத்துப்பூச்சி. எல்லாம் முடிய ஏறக்குறைய ஒரு மாதம்.

கரப்பான்பூச்சிக்கு இந்தக் கூட்டுப்புழுப் பருவமே கிடையாது. அதன் குஞ்சு, இறக்கை இல்லாத சின்னக் கரப்பான்தான்.

இனி, அதே தொட்டியின் அடியில் உள்ள தட்டைப் பார்க்கலாம். இருபது காசு நாணயம் அளவு தண்ணீர் தேங்கினாலும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று அதற்கும் அதே நான்கு பருவங்கள். புழு தலைகீழாகத் தொங்கியபடி, வால்பக்கக் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி மூச்சு விடும். கூட்டுப்புழு எதையும் உண்ணாது. ஆனால் வண்ணத்துப்பூச்சியின் கூட்டைப்போல் சும்மா இருப்பதுமில்லை. நிழல் விழுந்தால் குட்டிக்கரணம் போட்டு அடியில் மறையும். நம் வெப்பத்தில் ஒரே வாரத்தில் கொசு பறந்துவிடும்.

பாடநூலில் நான்கு பருவங்களும் வட்டமாக, ஒரே அளவுப் படங்களாக இருக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். எந்தப் பருவம் எவ்வளவு காலம் என்பது அந்த வட்டத்தில் தெரிவதில்லை. ஏடிஸ் விஷயத்தில் அதுதான் முக்கியம். தாய்க்கொசு தண்ணீருக்குச் சற்று மேலே, தட்டின் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அவை சாவதில்லை. பல மாதங்கள் காய்ந்தபடியே காத்திருந்து, மீண்டும் நனைந்ததும் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பது தவறு. தட்டைத் தேய்த்துக் கழுவவேண்டும். தொட்டியில் இறுகிய மண்ணையும் கிளறிவிடவேண்டும். மழைநீர் அதன் மேலும் தேங்கும்.

2020ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கிக் காய்ச்சலுக்கு ஆளாயினர். கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர அதற்கு இரத்தம் தேவை. ஆண் கொசு பூந்தேன் குடித்துப் பிழைக்கும். தேசிய சுற்றுப்புற வாரியம் 2016 முதல் வோல்பாக்கியா என்ற நுண்ணுயிரி உள்ள ஆண் கொசுக்களைப் பறக்கவிடுவது இதனால்தான். அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டைகள் பொரிப்பதில்லை.

வண்ணத்துப்பூச்சிப் புழுவைத் தூக்கி எறிவதா, விட்டுவைப்பதா என்பது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இடையிலான வழக்கு. செடி சிறிதென்றால் புழு அதை மொட்டையடித்துவிடும். ஒரு கொத்து இலையோடு அதைக் காற்றோட்டமான டப்பாவில் வைத்து, தினமும் புது இலை போட்டு வளர்க்கலாம். இலைக் காம்பு வாடாமலிருக்கத் தண்ணீர்ப் புட்டியில் நிறுத்தினால், புட்டியின் வாயைப் பஞ்சால் இறுக அடைத்துவிடவேண்டும். திறந்திருந்தால் ஏடிஸ் அங்கேயும் முட்டையிடும்.