இடம் மாறும்போது நமது உடலின் காவல்

"பழைய ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை. இங்கு வந்த நாள் முதல் ஒன்று விட்டால் ஒன்று." இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தண்ணீர் ஒத்துவரவில்லை என்பார்கள். அதுவும் காரணமாகலாம். ஆனால் நோய் எதிர்ப்புச் சக்தியில் பெரும்பங்கு நாம் வாழும் இடத்திலேயே கற்றுக்கொள்ளப்படுகிறது. இடம் மாறினால் உடல் புதிய பாடம் படிக்க வேண்டியிருக்கிறது.

கண்டிப் பகுதி இதை ஒருமுறை பெருந்துயரத்தோடு அறிந்தது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் ஓடும் ஆறுகள் ஓட்டம் குன்றிக் குட்டைகளாயின. வெயில் படும் அந்தத் தெளிந்த நீரில் மலேரியா நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல், கண்டிப் பக்கங்களில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். 1935 நடுப்பகுதிக்குள் நாட்டில் சுமார் 80,000 பேர் மாண்டனர். விளைச்சல் கெட்டு வயிறு காய்ந்திருந்ததும் மரணத்தைக் கூட்டியது. ஆனால் ஆண்டுதோறும் மலேரியா இருந்துவந்த வரண்ட வலயத்தில் அவ்வளவு அழிவு நேரவில்லை.

காரணத்தை மண்ணீரலில் காணலாம். இடது விலாவின் கீழே, சுமார் 150 கிராம் எடையில் இருக்கும் உறுப்பு இது. இரத்தம் இதனூடாக வடிகட்டப்படுகிறது. மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணு விறைத்துப்போவதால் மண்ணீரலின் ஒடுங்கிய வழிகளில் சிக்கி அழிகிறது. அதே உறுப்பின் இன்னொரு பகுதியில் வெண்குருதிக் கலங்கள் கிருமியை இனங்கண்டு, அதற்கெதிரான பிறபொருளெதிரிகளைச் செய்கின்றன. திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்தால் மண்ணீரல் வீங்கி விலாவுக்குக் கீழே கைக்கு அகப்படும். அதனால்தான் அக்காலத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு என்று கணித்தார்கள். வரண்ட வலயத்தவரின் எதிர்ப்புச் சக்தி சும்மா கிடைத்ததல்ல; எத்தனையோ குழந்தைகளைப் பறிகொடுத்தே மற்றவர்கள் அதைப் பெற்றார்கள். அதுவும் அரைகுறையானது. சில ஆண்டுகள் கிருமி உடலில் புகாவிட்டால் குறைந்துபோகும்.

உடலுக்குள் இப்படியொரு காவல் எப்போது தோன்றியது? 1882இல் இத்தாலியின் மெசினாவில் மெச்னிக்கோவ் என்னும் ரஷ்ய அறிஞர், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் முள்ளொன்றைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தபோது நகரும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. வந்ததை விழுங்கும் இந்தப் பழைய காவல் பூச்சிகளுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. வந்தவன் முகத்தை நினைவில் வைக்கும் காவல், தாடையுள்ள மீன்களோடு, ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தது. சுறாவுக்கும் மண்ணீரல் இருக்கிறது. நிணநீர்க் கணுக்கள் நம்மைப் போன்ற பாலூட்டிகளில்தான் நன்கு வளர்ந்திருக்கின்றன.

கோழி வளர்ப்போர் இதில் ஒரு பங்கை நேரில் கண்டவர்கள். கோழியின் எச்சவாய்க்கு மேலே சிறு பை ஒன்றுண்டு. அதைக் குஞ்சிலேயே அகற்றினால் பிறபொருளெதிரி உண்டாவதில்லை என்று அமெரிக்கரான புரூஸ் கிளிக் 1956இல் காட்டினார். கம்போரோ நோய் தாக்குவது அந்தப் பையைத்தான். ஆகவே தப்பிய குஞ்சுகளும் பிறகு வேறு நோய்களுக்கு எளிதில் இரையாகின்றன, போட்ட தடுப்பு மருந்தும் சரியாகப் பலன் தருவதில்லை. மனிதரில் அந்தப் பை கிடையாது. அதன் வேலையை எலும்பு மச்சை செய்கிறது.

கருவில் இந்தக் கலங்கள் முதலில் ஈரலிலும் பின்னர் எலும்பு மச்சையிலும் உண்டாகின்றன. ஒரு பகுதி நெஞ்செலும்பின் பின்னாலுள்ள தைமசுச் சுரப்பிக்குச் சென்று, தன் உடல் எது, அந்நியம் எது என்று படித்து வெளியேறுகிறது. அது பிள்ளைப் பருவத்தில் பெரிதாக இருந்து, பருவமடைந்தபின் சுருங்கும். போசாக்கின்மையால் பிள்ளைகளில் முன்னதாகவே சுருங்கிவிடும். முகாமில் சோறு மட்டும் தின்று வளரும் பிள்ளைக்குச் சளியும் வயிற்றோட்டமும் விடாமல் வருவதற்கு நெரிசலோடு இதுவும் ஒரு காரணம். பருப்பு, கீரை, முட்டை, நெத்தலி என்று முடிந்ததைச் சேர்த்துக் கொடுங்கள். பிறந்த குழந்தைக்குச் சீம்பாலை வீணாக்காமல் ஊட்டுங்கள். தாய் வாழ்ந்த இடத்தின் அனுபவம் அதில் இருக்கிறது.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை எல்லோரும் அறிவோம். நிணநீர்க் கணு கிருமியைப் பிடித்துவைத்துப் போராடுகிறது என்பதற்கு அது அடையாளம். புண் ஆறியதும் அதுவும் வற்றும். ஆனால் கழுத்தில் வலியில்லாத கட்டி மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் காசநோயாகவும் இருக்கலாம், வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தடுப்பூசி என்பது இதே கணுக்களுக்கு நோய் வராமலே கிருமியின் முகத்தைக் காட்டுவது. 2025 நவம்பர் மண்சரிவில் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை இழந்தவர்கள் வெட்கப்படாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். விடுபட்டதைப் போடலாம், பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

மீண்டும் மலேரியாவுக்கு வருவோம். 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகத் தெல்தெனியாப் பக்கம் நிலமிழந்த விவசாயிகளில் பலர் மகியங்கனைப் பக்கத்து மகாவலி 'சி' வலயத்தில் குடியேற்றப்பட்டார்கள். மலைநாட்டு உடலோடு அவர்கள் போனது மலேரியா மண்ணுக்கு. அக்காலத்தில் நீரோட்டம் குறைந்த மகாவலியின் குட்டைகளால் கண்டிப் பக்கத்திலேயும் காய்ச்சல் தலைகாட்டியது.

2012க்குப் பின் அதுவரை இங்கு உள்ளூரில் தொற்றிய மலேரியா காணப்படாததால் உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இது பெரும் வெற்றி. ஆனால் நுளம்பு போய்விடவில்லை. நமது மண்ணீரல்கள்தான் அந்தக் கிருமியை மறந்துவிட்டன. 1934இல் கேகாலை மக்கள் இருந்த நிலையில் இன்று நாடு முழுவதும் இருக்கிறது. இந்தியாவுக்கோ ஆபிரிக்க நாடுகளுக்கோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், போய் வந்த இடத்தைச் சொல்லி அன்றே மலேரியாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். விபத்தில் அடிபட்டு மண்ணீரல் அகற்றப்பட்டவர்களும் எந்தக் காய்ச்சலானாலும் அதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.