எஞ்சினை மாற்றினால் போதுமா? – வீட்டில் உருவாகும் வேகக் காரின் இயற்பியல்

பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதைவிடத் திறன் மிக்க எஞ்சின் ஒன்றைப் பொருத்தினால் என்ன ஆகும்? "கார் வேகமாக ஓடும்" என்று நீங்கள் சொல்வீர்கள். விடை சரிதான், ஆனால் அது பாதி விடையே. மறு பாதியை அறியாமல் வேலையில் இறங்குபவர் பணத்தை மட்டுமன்றி உயிரையும் இழக்க நேரிடலாம். அந்த மறு பாதியைப் பற்றியதே இக்கட்டுரை. இதைப் புரிந்துகொள்ள நீங்கள் மேல்நிலை வகுப்பில் படித்த இயற்பியலே போதும்.

வறண்ட ஏரியில் வளர்ந்த கலை

வீட்டுக் கொட்டகையில் காரைப் பிரித்து மாற்றியமைக்கும் கலை, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் செழித்து வளர்ந்தது. ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி 'மாடல் டி' கார்களைச் செய்து விற்றது. அவை பழையனவாகி மலிவு விலைக்கு வந்தபோது, கையில் பணம் குறைவாகவும் ஆர்வம் மிகுதியாகவும் இருந்த இளைஞர்கள் அவற்றை வாங்கினர். 1932ஆம் ஆண்டில் எட்டு சிலிண்டர்களை 'வி' வடிவில் கொண்ட ஃபோர்டு கார் வந்தது. 3.6 லிட்டர் கொள்ளளவும் 65 குதிரைத் திறனும் உடைய அந்த எஞ்சின், சாதாரண மக்களும் வாங்கக்கூடிய காரில் கிடைத்தது அன்று பெரிய புதுமை.

இளைஞர்கள் சேறுகாப்புத் தகடு, பம்பர் போன்றவற்றைக் கழற்றி எறிந்து எடையைக் குறைத்தனர். மோஜாவே பாலைவனத்தில், மூரோக் என்னும் வறண்ட ஏரியின் தட்டையான தரையில் தங்கள் கார்களை ஓட்டி வேகத்தை அளந்தனர். 1937இல் அங்கிருந்த குழுக்கள் ஒன்றுசேர்ந்து தெற்குக் கலிஃபோர்னியா நேர அளவைச் சங்கத்தை அமைத்தன. 1949 முதல் யூட்டா மாநிலத்துப் பான்வில் உப்புச் சமவெளியிலும் வேக ஓட்டங்கள் நடைபெறலாயின. இத்தகைய கார்களுக்கு 'ஹாட் ராட்' என்று பெயர். இவற்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டு நம் கணக்கைத் தொடங்குவோம்.

கூடுதல் திறன் எங்கிருந்து வருகிறது?

எஞ்சினின் சிலிண்டருக்குள் வரும் பெட்ரோல்–காற்றுக் கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. கலவை எத்தனை பங்காகச் சுருங்குகிறது என்பதே அமுக்க விகிதம். 1932ஆம் ஆண்டு ஃபோர்டு எஞ்சினில் இது 5.5. சிலிண்டரின் மூடியைக் கடைந்து மெலிதாக்கினால் எரியும் அறையின் கன அளவு குறையும். அமுக்க விகிதம் உயரும். ஆட்டோ சுழற்சியின் வாய்பாட்டில் இட்டுப் பாருங்கள். விகிதம் 5.5 ஆக இருக்கையில் கோட்பாட்டளவிலான பயனுறுதிறன் 49 விழுக்காடு; 8 ஆக உயர்த்தினால் 56 விழுக்காடு. அதே பெட்ரோலிலிருந்து ஏழில் ஒரு பங்கு கூடுதல் வேலை கிடைக்கிறது!

ஆனால் இங்கேயே முதல் எச்சரிக்கையும் காத்திருக்கிறது. அளவு மீறி அமுக்கினால் கலவையின் ஒரு பகுதி, தீச்சுடர் வந்து சேருமுன் தானாகவே வெடித்து எரியும். இதனை 'நாக்கிங்' என்பர். பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பது போன்றது இது.

எஞ்சினை வேகமாகச் சுழற்றியும் திறனைக் கூட்டலாம். மேற்சொன்ன ஃபோர்டு எஞ்சின் நிமிடத்திற்கு 3400 சுற்றுகளில் தன் 65 குதிரைத் திறனைத் தந்தது. அதனை 5100 சுற்றுகளுக்கு விரட்டுவதாகக் கொள்வோம். சுழற்சி ஒன்றரை மடங்கே கூடியுள்ளது. ஆனால் மேலும் கீழும் பாயும் பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை, சுழற்சி வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், அது 2.25 மடங்காகிறது. அந்த விசை முழுவதையும் தாங்குவது பிஸ்டனையும் வணரித்தண்டையும் இணைக்கும் ஒரு சிறு இரும்புத் தண்டு. திறனைப் பெருக்கியவர் அந்தத் தண்டின் வலிமையையும் பெருக்கியாக வேண்டும்.

காற்று கேட்கும் விலை

வேகம் கூடும்போது காற்றின் தடை விசை வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ மும்மடியாகக் கூடுகிறது. காரின் முகப்புப் பரப்பையும் வடிவக் குணகத்தையும் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் என்று கொள்க. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றை விலக்க மட்டும் சுமார் 17 குதிரைத் திறன் வேண்டும். 200 கி.மீ. வேகத்தில் அது 34 ஆகுமா? இல்லை, எட்டு மடங்காகி 138ஐ எட்டுகிறது!

எனவே எஞ்சினைப் பெரிதாக்குவதைவிட முகப்பைச் சிறிதாக்குவதே சில சமயம் எளிது. ஹாட் ராட் செய்பவர்கள் கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலங்களை அறுத்தெடுத்துவிட்டுக் கூரையைத் தாழ்த்திப் பற்றவைப்பது இதனால்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பில் பர்க் என்பவர் இன்னும் ஒரு படி சென்றார். போர் விமானங்களின் அடியில் தொங்கவிடப்பட்ட, நீர்த்துளி போன்ற கூடுதல் எரிபொருள் தொட்டி ஒன்றை மலிவாக வாங்கி, அதையே காரின் உடலாக்கினார். விமானப் பொறியாளர்கள் காற்றுத் தடையைக் குறைக்கச் செய்த உழைப்பு முழுவதும் சில டாலருக்குக் கிடைத்துவிட்டது அன்றோ!

நிறுத்துவதற்கும் கணக்கு உண்டு

1000 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,39,000 ஜூல். வேகம் 120 கி.மீ. ஆனால் இயக்க ஆற்றல் 5,56,000 ஜூல். அதாவது நான்கு மடங்கு. பிரேக்கை மிதித்ததும் இந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக் டிரம்களில் வெப்பமாக மாறுகிறது. நான்கு டிரம்களிலும் சேர்த்து 20 கிலோகிராம் இரும்பு இருப்பதாகவும், ஆற்றல் முழுவதும் அதையே அடைவதாகவும் கொண்டால், முதல் வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்தும்போது வெப்பநிலை 15 பாகை செல்சியஸ் உயரும். இரண்டாவது வேகத்திலிருந்து நிறுத்தும்போது 62 பாகை உயரும். ஆறுவதற்கு இடைவெளியின்றி ஐந்து முறை நிறுத்தினால் உயர்வு 300 பாகையைத் தாண்டிவிடும். சூடேறிய டிரம் விரிந்து கட்டையிலிருந்து விலகும், உராய்வும் குறையும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்காது.

தூரத்தையும் பாருங்கள். டயருக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.7 எனில், 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் பிரேக் பிடித்த பின் 20 மீட்டரில் நிற்கும். 120 கி.மீ. வேகத்தில் 81 மீட்டர் ஓடிய பிறகே நிற்கும். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு காலை மிதியில் வைக்க ஒரு விநாடி ஆகுமானால், முறையே 17 மீட்டரும் 33 மீட்டரும் கூட்டிக்கொள்ளுங்கள்.

1932 ஃபோர்டின் பிரேக்குகள் இரும்புக் கம்பிகளால் இழுக்கப்பட்டவை. கம்பிகளைச் சமமாகச் சரிசெய்யாவிட்டால் ஒரு சக்கரம் மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் பிடிக்கும். ஃபோர்டு நிறுவனம் 1939இல் திரவ பிரேக்குக்கு மாறியது. அறிவுள்ள ஹாட் ராட்காரர்கள் அந்தப் பிரேக்குகளைத் தேடி வாங்கித் தங்கள் பழைய கார்களில் பொருத்தினர். மூடிய திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதி, பல உயிர்களைக் காத்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

வண்டிச் சட்டமும் ஓர் ஊதுபத்திக் குழலும்

எஞ்சினின் திருப்பு விசை வண்டியின் அடிச்சட்டத்தை முறுக்கப் பார்க்கிறது. 1932 ஃபோர்டின் சட்டம், ஒரு பக்கம் திறந்த பள்ளம் போன்ற இரும்புத் துண்டுகளால் ஆனது. அதன் குறைபாட்டை நீங்களே சோதித்து அறியலாம். ஊதுபத்தி வரும் உருண்டையான அட்டைக் குழல்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நீளவாக்கில் ஒரு கோடாகக் கத்தியால் கீறுங்கள். இரண்டையும் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். கீறாத குழல் அசையாது. கீறிய குழல் எளிதில் முறுங்கும். இரண்டிலும் அட்டையின் அளவு ஒன்றே!

40 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள இரும்புக் குழாயில், மூடிய குழாய் பிளந்த குழாயைவிட 300 மடங்கு முறுக்கைத் தாங்கும் விறைப்புடையது. ஆகவேதான் வலிமையான எஞ்சினை ஏற்றுமுன், சட்டத்தின் திறந்த பக்கத்தில் தகடு வைத்துப் பற்றவைத்து அதை மூடிய பெட்டியாக்குகின்றனர். பற்றவைப்பும் செம்மையாக இருக்க வேண்டும். மேற்பூச்சாக மட்டும் பற்றிய இணைப்பு முதல் நாள் உடையாது. ஆயிரக்கணக்கான அதிர்வுகளுக்குப் பின், வேகமாகச் செல்லும் ஒரு நாளில் உடையும்.

தாழ்ந்த காரின் நன்மை

பிரேக் பிடிக்கும்போது காரின் முன்பக்கம் குனிவதைப் பார்த்திருப்பீர்கள். பின் சக்கரங்களின் சுமையில் ஒரு பகுதி முன் சக்கரங்களுக்கு மாறுவதே அதன் காரணம். இவ்வாறு மாறும் சுமை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைச் சக்கர அச்சுகளின் இடைவெளியால் வகுத்த விகிதத்தைப் பொறுத்தது. நம் காரின் அச்சு இடைவெளி 2.7 மீட்டர், ஈர்ப்பு மையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், முழு பிரேக்கில் 156 கிலோகிராம் எடைக்குச் சமமான சுமை முன்னே செல்கிறது. மையத்தை 45 சென்டிமீட்டருக்குத் தாழ்த்தினால் 117 ஆகக் குறைகிறது.

சுமை குறைந்த பின் சக்கரங்களுக்கு மிக வலிமையான பிரேக்கைப் பொருத்தினால் அவை முதலில் இறுகி நின்றுவிடும். உடனே காரின் பின்புறம் முன்புறத்தை முந்த முயலும். வண்டி பம்பரமாகச் சுழலும். நல்ல பிரேக்கைக் கூடத் தவறான இடத்தில் வைக்கலாகாது!

எதிலிருந்து தொடங்குவது?

இக்கணக்குகள் அனைத்தும் ஒன்றையே சொல்கின்றன. கார் என்பது தனித்தனி உறுப்புகளின் குவியல் அன்று. ஒன்றையொன்று சார்ந்த ஓர் அமைப்பு. அதில் ஒன்றை மாற்றியவர் மற்ற எல்லாவற்றையும் மீண்டும் கணக்கிடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவராகிறார். தொழிற்சாலையில் பல பொறியாளர்கள் பகிர்ந்து செய்த வேலை, இப்போது அவர் ஒருவர் தலையில் விழுகிறது. எனவே வேலையின் வரிசை, ஆசை சொல்லும் வரிசைக்கு நேர் எதிரானது: முதலில் சட்டம், பிறகு பிரேக், அதன்பின் சக்கரமும் திசைதிருப்பியும், கடைசியில்தான் எஞ்சின்.

நம் நாட்டில் விருப்பம்போல் காரை மாற்றிச் சாலையில் ஓட்ட முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துள்ள விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதனை உறுதிப்படுத்தியது. மாற்றுத்திறனாளிகளின் தேவைக்கேற்ப மாற்றுவது போன்ற சிலவற்றுக்கே முறையான அனுமதியுடன் விலக்கு உண்டு. மேலே கண்ட கணக்குகளை நினைத்தால் இத்தடையின் நியாயம் விளங்கும்.

ஆயினும் ஆர்வமுள்ள மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. 'பாஜா' போன்ற போட்டிகளில் நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வண்டியை வடிவமைத்து, பற்றவைத்து, ஓட்டுகிறார்கள். அங்கே பந்தயத்திற்கு முன் ஒரு சோதனை உண்டு. ஓடிவரும் வண்டியில் பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரங்களும் இறுகி நிற்க வேண்டும். நிற்காத வண்டி எவ்வளவு வேகமாக ஓடக்கூடியதானாலும் பந்தயக் களத்துள் நுழைய முடியாது.

இறுதியாக உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு காரின் வேகத்தை 40 விழுக்காடு மட்டுமே கூட்டினால், அதன் பிரேக் எத்தனை மடங்கு வெப்பத்தைத் தாங்க வேண்டும்? விடையைக் கண்ட பிறகு எஞ்சினைப் பற்றிச் சிந்திக்கலாம்.