எந்த உப்பு?

வாலாஜாபாத் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியின் சிறுநீரைச் சோதித்துவிட்டு ‘உப்பு இருக்கு’ என்றால் அது ஆல்புமின் என்ற புரதம். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து ‘உப்பு ஏறியிருக்கு’ என்றால் யூரியா, கிரியேட்டினின். ஊறுகாய் ஜாடியில் இருப்பதோ சோடியம் குளோரைடு. மூன்றுக்கும் நம்மிடம் ஒரே சொல். இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சாப்பாட்டு உப்பை நிறுத்தினால் அது இறங்கிவிடாது. இறங்கவில்லையே என்று பழையபடி கருவாட்டுக்கும் அப்பளத்துக்கும் திரும்பினால் நஷ்டம் சிறுநீரகத்துக்குத்தான். உப்பைக் குறைக்கச் சொல்வது அந்த எண்ணை இறக்குவதற்காக அல்ல, மீதமிருக்கும் வடிகட்டிகளைக் காப்பாற்றுவதற்காக. சோடியம் கூடினால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் நுண்ணிய வடிகட்டிகள் நைந்து புரதம் ஒழுகுகிறது. ஒழுக்கைக் குறைக்கக் கொடுக்கும் மாத்திரையின் பலனையும் உப்பு கெடுக்கும். 2011-ல் நெதர்லாந்தில் 52 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இரண்டாவது மாத்திரையைச் சேர்ப்பதைவிட உப்பைக் குறைத்ததே புரத ஒழுக்கை அதிகம் குறைத்தது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராம், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. நாம் அவ்வளவா சாப்பிடுகிறோம் என்பவர்கள் உப்புப் பொட்டலத்தைக் கணக்குப் பார்க்கட்டும். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு ஒரு மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல். கடையில் வாங்கும் ஊறுகாய், மிக்சர், ஓட்டல் சாம்பார் இதில் சேரவில்லை. இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்பது பலர் சொல்லும் சமாதானம். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் மாறியதால் சிறுநீரகத்துக்குச் சுமை குறையவில்லை.

வெயிலில் நாற்று நடுபவருக்கும் கல்குவாரியில் உடைப்பவருக்கும் வியர்வையில் உப்பு போகிறதே, அவர்களிடம் குறைக்கச் சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. உணவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தமிழ்நாட்டின் விவசாயத் தொழிலாளர்களிடம் நடத்தி 2025-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் தென்படவில்லை, வெப்பம்தான் சந்தேகிக்கப்படுகிறது. ஆனால் வியர்வையில் உப்பைவிட நீர்தான் மிக அதிகமாகப் போகிறது. அந்த வேலையாளுக்கு முதலில் வேண்டியது தண்ணீரும் நிழலும். நடுப்பகலில் அவர் குடிக்கும் உப்புப் போட்ட நீர்மோரை யாரும் பிடுங்க வேண்டாம். வெயிலுக்கே போகாமல் கடையில் உட்கார்ந்திருப்பவர் அதே அளவு உப்பைச் சாப்பிடுவதற்குத்தான் பதில் இல்லை.

சோடியம் குறைந்த உப்பு வாங்கினால் தீராதா? தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2014-ல் ‘அம்மா உப்பு’ வரிசையில் அதையும் கிலோ 21 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இத்தகைய உப்புகளில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொதுவாகப் பொட்டாசியம் சேர்க்கிறார்கள். சீனாவில் 600 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வில் அப்படிப்பட்ட உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது லாபம். பழுதடைந்த சிறுநீரகமோ பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் தேக்கிவைக்கும்; அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். 2025-ல் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விலக்கியது இதனால்தான். இளநீருக்கும் இதே கணக்கு. ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு ஆபத்து என்றால், தாம் யார் என்று தெரியாமல் உணவுப் பட்டியலை மாற்றக் கூடாது. தெரிந்துகொள்வது பெரிய செலவும் அல்ல. டாக்டர் எம்.கே. மணி தொடங்கிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னையை ஒட்டிய கிராமங்களில் பள்ளிப்படிப்பு மட்டுமே முடித்த உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி, வீடுவீடாகச் சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்க்க வைத்தது, ரத்த அழுத்தமும் அளக்க வைத்தது. முப்பது வயது தாண்டியவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரோடு ரத்தத்தில் கிரியேட்டினினையும் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு உப்புப் பொட்டலத்தை மாற்றட்டும்.