முகத்துக்கு எந்தச் சோப்பு?

பரு வந்துவிட்டதென்று நாளுக்கு ஐந்து முறை சோப்புப் போட்டு முகத்தைத் தேய்க்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். வெள்ளைத் தாளில் மஞ்சள்தூள் கரைசலைத் தடவி உலர்த்துங்கள். அதன்மேல் ஒரு சொட்டுச் சோப்புநீரை விடுங்கள். தாள் சிவக்கிறதா? அது காரம். குழம்புக்கறை பட்ட சட்டை துவைக்கும்போது சிவப்பதும் இதனால்தான்.

சாதாரணச் சோப்பின் பி.எச். மதிப்பு 9 முதல் 10 வரை. நம் தோலின் மேற்பரப்போ ஏறத்தாழ 5, இலேசான அமிலம். ஷாடே, மார்க்கியோனினி என்ற ஜெர்மன் அறிஞர்கள் 1928இல் இதற்கு ‘அமிலப் போர்வை’ எனப் பெயரிட்டனர். சோப்பு குலைத்த போர்வை சீராகச் சில மணி நேரமாகும். அதற்குள் மறுபடியும் சோப்பா? பருவோ தோலுக்குள் எண்ணெய்த் துளை அடைபடுவதால் வருவது; தேய்ப்பு அங்கே எட்டாது.

மஞ்சள்தாள் நிறம் மாறாத, மணமில்லாத முகக்கழுவியைத் தேர்ந்தெடுங்கள். கழுவியபின் முகம் இழுத்துப் பிடித்தால் அதுவும் உங்களுக்கு ஆகாது. காலையும் மாலையும் கழுவினால் போதும்.