பொம்மைக்கு வந்த பெயர்

"அவன் அழுத அழுகைக்கு ஆஸ்காரே கொடுக்கலாம்!"

தேநீர்க் கடையிலே, பேருந்து நிறுத்தத்திலே, ஆலை வாசலிலே நாம் அன்றாடம் கேட்கிற பேச்சு இது. கடன் வாங்கியவன் கையை விரிக்கிறான். கண்ணிலே நீர், குரலிலே நடுக்கம். பக்கத்திலே நிற்பவர் சிரித்துக்கொண்டே ஆஸ்காரை எடுத்து அவனுக்கு வழங்கிவிடுகிறார்! அந்த அளவுக்கு நம் நாவிலே ஊறிப்போன சொல். ஆனால், தோழர்களே, அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்டால், கேட்டவரும் விழிக்கிறார், கேட்கப்பட்டவரும் விழிக்கிறார்.

ஆஸ்கார் என்பது பட்டமா? அல்ல. பரிசை நிறுவிய வள்ளலின் பெயரா? அதுவும் அல்ல. அமெரிக்கத் திரைப்படக் கலை, அறிவியல் அகாதமி தருகின்ற தகுதி விருது என்பதே முறையான பெயர். சாசனத்திலே உள்ள பெயர் அது. சனங்கள் வைத்த பெயர் ஆஸ்கார்! பதின்மூன்றரை அங்குல உயரம், எட்டரை பவுண்டு எடை, பொன் முலாம் பூசிய ஒரு வீரன். கையிலே வாள், காலடியிலே படச்சுருள். அந்தப் பொம்மைக்கு அகாதமியின் நூலகத்திலே வேலை பார்த்த மார்கரெட் ஹெரிக் என்ற அம்மையார், "எங்கள் ஆஸ்கார் மாமாவைப் போல இருக்கிறதே" என்று சொன்னாராம். அதுவே நிலைத்தது என்பது ஒரு கதை. நடிகை பெட்டி டேவிஸ் தன் கணவரின் பெயரிலிருந்து தானே வைத்ததாகச் சொல்லிக்கொண்டார். இல்லை, அகாதமி அலுவலகத்திலே பணிபுரிந்த எலினோர் லில்லிபெர்க் என்ற பெண் ஊழியரே வைத்தார் என்று, அகாதமியின் முன்னாள் நிர்வாகி புரூஸ் டேவிஸ் 2022-ல் வந்த தம் நூலிலே எழுதினார். 1934-ல் ஸ்கோல்ஸ்கி என்ற பத்திரிகையாளர் தம் பத்தியிலே அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். 1939-ல்தான் அகாதமி அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. நூலகரோ, அலுவலக ஊழியரோ, யாராயினும் மாதச் சம்பளக்காரர் வாயிலே பிறந்த பெயர் மாளிகைக்காரர் வைத்த பெயரை மறைத்துவிட்டது என்பதிலே நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. மறைப்பானேன்?

பெயரை விடுங்கள். அந்த விருது ஏன் பிறந்தது? அங்கேதான் பாட்டாளித் தோழர்கள் செவி சாய்க்க வேண்டும்.

1926 நவம்பர் மாதம். ஹாலிவுட் படநிலையங்களிலே தச்சர், மின்தொழிலாளர், வண்ணம் பூசுவோர், இசைவாணர், மேடைத் தொழிலாளர் ஆகியோரின் சங்கங்கள் முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டன. முதலாளிகளுக்கு உள்ளம் நடுங்கிற்று. இன்று தச்சன் சங்கம் வைத்தான். நாளை நடிகனும், எழுத்தாளனும், இயக்குநனும் சங்கம் வைத்தால்? எம்.ஜி.எம். நிலையத்தின் அதிபர் லூயி பி. மேயர் யோசித்தார். அடுத்த ஆண்டே அகாதமி பிறந்தது! முதலாளியும் கலைஞனும் ஒரே கூரையின்கீழ். சச்சரவா, அகாதமியே தீர்த்து வைக்கும். தனியே சங்கம் எதற்கு என்ற ஏற்பாடு. படைப்பாளிகளை வசப்படுத்த அவர்கள் மார்பிலே பதக்கங்களைத் தொங்கவிடுவதே நல்ல வழி என்று மேயர் கூறியதாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் பதிந்துள்ளனர். 1929 மே 16 அன்று ரூஸ்வெல்ட் ஓட்டலிலே முதல் விழா. விருது வழங்கியதெல்லாம் கால் மணி நேரந்தான்!

பொம்மை பளபளத்தது. ஆனால் 1933 மார்ச்சிலே சாயம் வெளுத்தது. வங்கிகள் மூடிக்கிடந்த நேரம். எட்டு வாரங்களுக்குப் பாதிச் சம்பளம் என்றனர் முதலாளிகள். சச்சரவைத் தீர்க்கப் பிறந்த அகாதமி என்ன செய்தது? அந்த வெட்டுக்குத் தலையாட்டிற்று! சங்கம் வைத்திருந்த மேடைத் தொழிலாளர் முடியாது என்றனர். அவர்கள் கூலியிலே கை வைக்க முடியவில்லை. சங்கமில்லாத நடிகரும் எழுத்தாளரும் பாதியை இழந்தனர். சுத்தியல் பிடித்தவனிடம் பேனா பிடித்தவன் பாடம் கற்றான். அந்த ஆண்டிலேயே திரை எழுத்தாளர் சங்கம் புத்துயிர் பெற்றது. திரை நடிகர் சங்கம் பிறந்தது.

இனி டட்லி நிக்கோல்ஸ் என்ற எழுத்தாளரின் கதை. 'தி இன்ஃபார்மர்' என்ற படம். காசுக்காகத் தோழனைக் காட்டிக் கொடுக்கும் ஓர் ஐரிஷ்காரனின் கதை. அதற்குத் திரைக்கதை எழுதிய நிக்கோல்சுக்கு 1936 மார்ச்சிலே ஆஸ்கார் அறிவிக்கப்பட்டது. எழுத்தாளர் சங்கத்தை முதலாளிகள் ஏற்க மறுத்து நின்ற காலம் அது. நிக்கோல்ஸ் என்ன செய்தார்? வேண்டாம் என்றார்! இதை வாங்கினால் சங்கத்துத் தோழர்களுக்கு முதுகைக் காட்டியவனாவேன் என்று எழுதினார். பொம்மையை வீட்டுக்கு அனுப்பினார்கள், திருப்பி அனுப்பினார். மறுபடியும் வந்தது, மறுபடியும் திருப்பினார்! காட்டிக் கொடுத்தவன் கதையை எழுதிய கை, காட்டிக் கொடுக்க மறுத்தது. அந்த விருதை மறுத்த முதல் மனிதர் அவர். 1937-ல் நடிகர் சங்கத்தோடு முதலாளிகள் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 1938-ல் எழுத்தாளர் சங்கம் அங்கீகாரத் தேர்தலிலே வென்றது. அதன் பிறகே நிக்கோல்ஸ் அந்த விருதை ஏற்றார். தொழிற்சச்சரவு வேலையைக் கைகழுவிவிட்டு, அகாதமியும் விருதோடு நின்றுகொண்டது.

இன்னொரு காட்சியையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1940 பிப்ரவரி 29, அம்பாசிடர் ஓட்டல். 'கான் வித் த விண்ட்' படத்திலே பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்குச் சிறந்த துணை நடிகை விருது. ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பர் அவர். அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகள். கறுப்பரை அனுமதிக்காத ஓட்டல் அது. படத்தயாரிப்பாளர் கேட்டு வாங்கிய சலுகையால்தான் அவர் உள்ளே வந்தார். வந்தவருக்கு உடன் நடித்தவர்களோடு இடமில்லை; ஓரமாக ஒரு சிறு மேசை! துணை நடிகர்களுக்கு அந்நாளிலே பொம்மையும் கிடையாது, ஒரு பட்டயந்தான். அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச் சென்ற அந்தப் பட்டயமும் காணாமற்போயிற்று. 2023-ல்தான் அகாதமி வேறொன்றைச் செய்து கொடுத்தது. வெற்றி பெற்றவரையே ஓரத்திலே உட்காரவைத்த விழாவை உலக உன்னதம் என்று நாம் வாய் பிளந்து பேசுகிறோம்.

நமது ஏடுகளின் கைங்கரியம் ஒன்றும் உண்டு. "ஆஸ்காருக்குப் பரிந்துரை!" என்று கொட்டை எழுத்திலே போடுகிறார்கள். எது பரிந்துரை? இந்தியாவிலிருந்து ஒரு படத்தைத் தெரிந்தெடுத்து அனுப்புவது இங்குள்ள திரைப்படக் கூட்டமைப்பு. வந்த படங்களிலே ஐந்தை இறுதிப் பட்டியலிலே வைப்பது அகாதமி. முன்னது நாம் போட்ட விண்ணப்பம். பின்னது அவர்கள் திறந்த கதவு. இரண்டுக்கும் ஒரே சொல்லா? 1969-ல் 'தெய்வமகன்', 1987-ல் 'நாயகன்', 2016-ல் 'விசாரணை', 2021-ல் 'கூழாங்கல்' அனுப்பப்பட்டவை; இறுதிப் பட்டியலிலே இடம்பெறவில்லை. அதனால் அவற்றுக்கு ஒரு குறைவும் இல்லை. சிவாஜி கணேசன் மூன்று வேடங்களிலே நின்ற படத்துக்கு, எட்டரை பவுண்டுப் பொம்மையா எடைக்கல்? 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே', 'லகான்' ஆகியவை அந்தக் கதவைத் தாண்டியவை, வென்றவை அல்ல. அனுப்பப்பட்டது, இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது, வென்றது என்று மூன்று சொற்கள் தமிழிலே இருக்கையில் ஏன் இந்தக் குழப்பம்?

வென்றது என்று எழுத வேண்டிய இடங்களும் உண்டு. 2009-ல் ஏ. ஆர். ரகுமான் ஒரே இரவிலே இரண்டை வாங்கினார். அந்த மேடையிலே தமிழும் ஒலித்தது. 2023-ல், முதுமலைத் தெப்பக்காட்டு முகாமிலே யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் தமிழ் பேசி வந்த ஆவணக் குறும்படம் வென்றது. விருது இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் உரியது. ஆயினும் பொம்மன், பெள்ளி இருவர் கையிலும் அந்தப் பொன் பொம்மை இருந்த படத்தை ஏடுகள் வெளியிட்டன.